பீலிக்கரைக் குறிப்புகள்

இலங்கை மலைநாட்டு ஹேவாஹெட்டயில் பொழுது விடியும் முன்பே பீலிக்கரையில் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். மார்கழி மாதத்தில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துவிடும். நான் பிறந்த லயத்துக்கு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே பாறை இடுக்கில் கசிகிற ஊற்று அது. என் தாத்தா காலத்தில் மூங்கில் வைத்துத் தண்ணீரை இறக்கினார்கள். பிறகு தகரம் வந்தது, இப்போது பி.வி.சி. குழாய். "நம்ம பீலித் தண்ணிக்கு ஈடு ஏது?" என்று அம்மா கேட்பார். கேட்டுவிட்டு ஒரு செம்பு குடித்தும் காட்டுவார்.

உள்ளூராட்சி மன்றம் ஒன்றின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே வீட்டிலிருந்து ஒரு போத்தல் பீலித் தண்ணீர் எடுத்துப் போனேன். மறுநாள் காலை தட்டைத் திறந்தபோது வடிதாள் முழுக்க மஞ்சள் புள்ளி, கிருமிக் கூட்டங்கள். எண்ணி முடிக்க இயலவில்லை. குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஈ. கோலி என்ற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது இலங்கைத் தர நிர்ணயம், எஸ்.எல்.எஸ். 614. எங்கள் ஊற்றுக்கு மேலே இன்னொரு லயம் இருக்கிறது, அந்த லயத்துக்கு மலசலகூடக் குழிகள் இருக்கின்றன. இதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப தம்பிக்கு மஞ்சள்காமாலை வந்தது இதனாலயா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. பதினைந்து வருடம் முந்திய நோய்க்கு யாரும் தண்ணீர் மாதிரி எடுத்து வைத்திருக்கவில்லை.

*

போத்தலைப் பற்றி எழுதாமல் இந்த வேலையைப் பற்றி எழுத முடியாது.

மாதிரி எடுக்கிற போத்தலை 121 பாகையில் 15 நிமிடம் நீராவி அழுத்தத்தில் வைத்து எடுப்போம். அதற்குள் முன்கூட்டியே கொஞ்சம் சோடியம் தயோசல்பேற்று இட்டிருக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால், வருகிற வழியெல்லாம் அது போத்தலுக்குள் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். குடிக்கிறவர் வாய்க்குப் போன தண்ணீரில் கிருமி இருந்திருக்கும், கூடத்துக்கு வந்த தண்ணீரில் இருக்காது. அந்தப் பிழையைத் தடுக்கத்தான் தயோசல்பேற்று. சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்துப் போத்தலைப் பீலியில் அலசிவிட்டு நிரப்பினால் மருந்து ஓடிவிடும். புதிதாக வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் நான் சொன்னது ஒரே சொல்: அலசாதே.

மற்றவை பழகப் பழக வரும். குழாய் வாயைச் சுடர் காட்டிச் சுட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓட விட வேண்டும். மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் கூடத்தில் குலுக்க முடியாது. இடம், நேரம், எடுத்தவர் பெயர் எழுத வேண்டும். எங்கள் படிவத்தில் நான் கேட்டுச் சேர்த்த ஒரு கட்டம் உண்டு: "முந்தின நாள் மழை பெய்ததா?" மலைநாட்டில் அந்தக் கட்டம் இல்லாத படிவம் பாதிப் படிவம்தான். வெயில் நாளில் எடுத்த மாதிரியை வைத்து ஊற்று நல்லது என்று எழுதிக் கொடுப்பது, காய்ச்சல் விட்ட நேரத்தில் நோயாளியைப் பார்த்துச் சுகம் என்று எழுதிக் கொடுப்பதைப் போல.

போத்தல் கழுவுகிற அக்கா ஒருவர் எங்களிடம் பதினெட்டு வருடம் இருந்தார். சவர்க்காரம் ஒட்டியிருந்தால் கிருமி செத்துவிடும் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து காய்ச்சி வடித்த நீரில் அவர் கடைசி அலசு அலசாமல் ஒரு போத்தலும் அடுப்புக்குப் போனதில்லை. பதவி நிரலில் அவர் பெயர் தொழிலாளி. கூடம் எடுத்த நல்ல பெயரில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

*

நேரக் கணக்கு.

நுண்ணுயிர் மாதிரியை ஐஸில் வைத்து 6 மணி நேரத்துக்குள் வடிகட்டினால் நல்லது. 24 மணி நேரத்தைத் தாண்டினால் எறிந்துவிட வேண்டும். ஹேவாஹெட்டயிலிருந்து கண்டிக்கு மாரஸ்ஸன, தலாத்துஓயா வழியாக இறங்குகிற ரோட்டில் வளைவுக்குக் குறைவில்லை. காலை 7 மணிக்குப் பீலியில் எடுத்தால் ரெஜிபோம் பெட்டி மதியத்துக்குள் கூடத்துக்கு வர வேண்டும். வந்ததும் 100 மில்லிலீற்றரை 0.45 மைக்ரோன் வடிதாளில் இழுத்து, தாளை ஊட்டக் குழம்பில் வைத்து, 30 பாகையில் 4 மணி நேரம், பிறகு 44 பாகையில் 14 மணி நேரம். மறுநாள் காலை வாசிப்பு. மஞ்சளாக நிற்பவற்றை எண்ணி, அவை ஈ. கோலிதானா என்று உறுதிப்படுத்த இன்னொரு நாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை எடுத்த மாதிரிக்குச் சனிக்கிழமை ஆள் வேண்டும். சம்பளப் பட்டியலில் சனிக்கிழமைக்கு மேலதிகக் கொடுப்பனவு இல்லாத கூடத்தில் வெள்ளிக்கிழமைத் தண்ணீரை யாரும் சோதிப்பதில்லை. வெள்ளிக்கிழமையும் மழை பெய்கிறது.

இந்தக் கணக்கைப் பார்த்தால் கூடத்தை நடத்துவது யார் என்று தெரியும். சாரதி. வண்டி அவருடையதல்ல, சபையுடையது. தவிசாளருக்குக் கூட்டம் என்றால் வண்டி போய்விடும். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் காலை 5 முதல் மதியம் 1 வரை வண்டி மாதிரிகளுக்கு மட்டுமே என்று எழுத்தில் வாங்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது. விலை உயர்ந்த கருவி ஒன்றை வாங்க அவ்வளவு காலம் எடுக்கவில்லை. கருவி வாங்கினால் திறப்பு விழா வைக்கலாம். வண்டி நேரம் எழுதி வாங்கினால் படம் எடுக்க எதுவும் இல்லை.

*

இந்த மலைகளில் தேயிலை தொடங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டார். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அன்றைக்குத் தொடங்கிய ஒரு வழக்கம் இன்றைக்கும் நிற்கவில்லை. ஏலத்துக்குப் போகிற தேயிலையின் ஒவ்வொரு தொகுதியையும் சுவைஞர் ஒருவர் ஊற்றி, உறிஞ்சி, வாயில் உருட்டிப் பார்த்துக் குறிப்பெழுதுகிறார். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்த நாளும் தரமும் பதிவில் இருக்கும். எந்தத் தோட்டத்து எந்தத் தூள் எந்தக் கிழமையில் மட்டமாக வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு.

அந்தத் தூளுக்குக் கொழுந்து பறித்தவர் குடித்த தண்ணீருக்கு அப்படியொரு பதிவு எத்தனை தோட்டத்தில் இருக்கிறது? ஒன்றரை நூற்றாண்டாகத் தேயிலையைச் சோதிக்கத் தெரிந்த ஊர் இது. தண்ணீரைச் சோதிப்பது அதைவிடக் கடினமான வித்தை இல்லை.

*

ஹேவாஹெட்ட என்ற பெயருக்கு அறுபது போர்வீரர் என்று ஊரில் பொருள் சொல்வார்கள். கண்டி இராச்சியத்தின் பழைய பிரிவு. இப்போது அது இரண்டாகக் கிடக்கிறது. பாத்த ஹேவாஹெட்ட கண்டி மாவட்டத்தில். உட ஹேவாஹெட்டப் பக்கம் நுவரெலியா மாவட்டத்தில், ஹங்குராங்கெத்தயோடு. மலைமுகட்டில் ஊறுகிற நீர் ஒரு மாவட்டத்தில் புறப்பட்டு அடுத்த மாவட்டத்தில் குடமாகிறது. மாதிரி எடுக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இது எந்தச் சுகாதார வைத்திய அதிகாரியின் பிரிவு என்று.

மாவட்ட எல்லையைக்கூடச் சமாளித்துவிடலாம். தோட்டத்து எல்லைதான் கடினமாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை பணம் செலவிடுவதற்குக் குறுக்கே நின்றது. வாக்குக் கேட்கத் தோட்டத்துக்குள் வரலாம். வென்ற பிறகு அங்கே ஒரு குழாய் போடவோ, தாங்கி கட்டவோ சபைப் பணத்தைத் தொட்டால் கணக்காய்வில் கேள்வி வரும். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தொரு வருடம்.

அந்தக் காலத்தில் ஒருமுறை, ஊர்ப் பக்கத்துக் குழாயடிகளில் மாதிரி எடுத்துக்கொண்டு திரும்பும்போது லயத்துப் பெரியம்மா ஒருவர் வழிமறித்தார்.

"தம்பி, எங்க தண்ணிய எடுக்க மாட்டீங்களா?"

"பெரியம்மா, தோட்டம் எங்க பட்டியல்ல இல்ல."

"நாங்க ஓட்டு போடுற பட்டியல்ல இருக்கோமே தம்பி?"

எடுத்தேன். பட்டியலுக்கு வெளியே எடுத்த மாதிரிக்குக் கூடத்தில் எண் இல்லை. நான் என் சொந்தப் பெயரில் பணம் கட்டிச் சோதித்தேன். முடிவு நன்றாக இல்லை. அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சட்டம் திருந்தியபின் கேட்பதற்கு இடம் இருக்கிறது. ஆனால் சட்டம் திருந்துவதும் பட்டியல் திருந்துவதும் வேறு வேறு வேலை. மாதிரி எடுக்கும் இடங்களின் பட்டியல் பழைய கோப்பிலிருந்து புதிய கோப்புக்கு அப்படியே பெயர்த்து எழுதப்படுகிறது. ஒரு கூடத்தின் பொறுப்பை ஏற்கிறவர் முதல் மாதமே செய்ய வேண்டியது, அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய், அதில் இல்லாத பீலிகளை எழுதுவது.

*

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, 5,000 பேருக்குக் குறைந்த குழாய்நீர்த் திட்டத்துக்கு மாதம் ஒரு மாதிரி என்கிறது. ஒரு சபையின் எல்லைக்குள் சின்னச் சின்ன ஊற்றுத் திட்டங்கள் 30 இருந்தால் வருடத்துக்கு 360 மாதிரி. வேலை நாளுக்கு இரண்டுகூட வராது. இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. செய்ய வேண்டும் என்று பாதீட்டில் ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான்.

*

கனடாவில் எங்கள் ஆட்கள் அதிகம் வாழ்கிற மாகாணம் ஒன்ராறியோ. அங்கே வாக்கர்டன் என்று ஒரு சிறு நகரம், சுமார் 4,800 பேர். 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே நடந்ததை என் கூடத்தில் வேலைக்கு வந்த எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மே 8 முதல் 12 வரை பலத்த மழை. பக்கத்துப் பண்ணையில் வயலுக்கு இட்டிருந்த மாட்டுச் சாணத்திலிருந்து கிருமி ஆழம் குறைந்த ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. 5ஆம் கிணறு என்று அதற்குப் பெயர். நகரின் நீர் வழங்கலை நடத்தியவர்கள் தினமும் குளோரின் மீதியை அளந்து எழுத வேண்டும். அளக்காமலே 0.5 என்றும் 0.75 என்றும் எழுதி வந்தார்கள். வருடக் கணக்காக.

மே 15 எடுத்த மாதிரிகள் தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போயின. கூடம் வேலையைச் சரியாகச் செய்தது. ஈ. கோலி இருக்கிறது என்று மே 17 அன்று முடிவையும் அனுப்பியது. ஆனால் யாருக்கு? தண்ணீர் கொடுத்தவருக்கு மட்டும். சுகாதார அதிகாரிக்கு ஒரு பிரதி போகவில்லை, போக வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயமும் இல்லை. 1996 வரை மாகாண அரசின் ஆய்வுகூடங்களே நகரசபைத் தண்ணீரைச் சோதித்தன. செலவைக் குறைக்க அந்த வேலை தனியாருக்குப் போனது. முடிவை யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு கூடவே போகவில்லை.

பிள்ளைகள் இரத்தமாகக் கழியத் தொடங்கினார்கள். சுகாதார அலுவலகம் தொலைபேசியில் கேட்டது: தண்ணீரில் ஏதாவது உண்டா? தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. கெட்ட முடிவு அந்தப் பதிலைச் சொன்னவர் கையில் இருந்தது. மே 21 அன்று சுகாதார வைத்திய அதிகாரி தன் பொறுப்பில், கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவித்தார். 7 பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். நீதிபதி டெனிஸ் ஓ'கொனர் நடத்திய விசாரணையின் முதல் அறிக்கை 2002 ஜனவரியில் வந்தது.

அந்த நான்கு நாட்களை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பேன். மே 17இலிருந்து 21 வரை. அறிவியல் தன் வேலையை முடித்துவிட்டது. தாள் ஒரு மேசையில் கிடந்தது. அந்தத் தாள் கிடந்த நேரமெல்லாம் நகரம் குழாயைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்திலும் ஒரு தாள் கிடந்திருக்கிறது. பருவமழைக் காலத்தில் ஒரு பாடசாலைத் தாங்கியில் எடுத்த மாதிரி. முடிவு கெட்டது. நாங்கள் கையெழுத்திட்டு மேலே அனுப்பினோம். அனுப்பியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஒன்பது நாள் அது ஒரு தட்டில், கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதற்குள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் வீட்டில். யாரும் இறக்கவில்லை. இறக்காததற்கு நாங்கள் எதுவும் செய்யவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். ஈ. கோலி ஒன்று கண்டால்கூட, உறுதிப்படுத்தும் சோதனைக்குக் காத்திராமல், வாசித்த அந்த மணி நேரத்திலேயே மூன்று தொலைபேசி அழைப்பு: தண்ணீர் வழங்குபவருக்கு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, தண்ணீர் குடிக்கிற இடத்தில் இருக்கிற ஒருவருக்கு. பாடசாலை என்றால் அதிபர். லயம் என்றால் தலைவர் அல்லது பிள்ளைமடுவத்து அக்கா. அழைத்த நேரத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். கடிதம் பிறகு போகட்டும். மூன்றாவது அழைப்புக்கு அனுமதி உண்டா என்று மேலே கேட்டார்கள். அனுமதி கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததால் நான் கேட்கவில்லை, செய்தேன். இன்றைக்கும் அதுதான் சரி என்கிறேன்.

*

0.5, 0.5, 0.75, 0.5.

ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிற பதிவுப் புத்தகத்தைக் கண்டால் எனக்குப் பயம். உண்மையான தண்ணீர் அப்படி இராது. 0.3 வரும், 0.1 வரும், ஒரு நாள் ஒன்றுமே வராது. குளோரின் தூளை ஈரக் காற்றில் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும், மலைநாட்டில் எந்தக் காற்று ஈரமில்லாத காற்று? டி.பி.டி. மாத்திரையைப் போட்டு இளஞ்சிவப்பு வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாதவர் எழுதுகிற எண்தான் எப்போதும் அழகாக இருக்கும்.

கூடத்துக்குள்ளேயும் இதே விதி. ஒவ்வொரு நாளும் கிருமியற்ற நீரை ஒரு மாதிரி போல வடிகட்டி வைக்க வேண்டும், அதில் எதுவும் முளைக்கக்கூடாது. கிருமி உள்ளதென்று தெரிந்த ஒன்றையும் வைக்க வேண்டும், அதில் முளைத்தே ஆக வேண்டும். இரண்டில் ஒன்று தவறினால் அன்றைய முடிவுகள் அத்தனையும் தள்ளுபடி. தள்ளுபடி என்று எழுத மனம் வர வேண்டும். ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தரச் சான்றிதழுக்குக் கேட்கிற கோப்புகள் அலமாரி நிறைய வரும். அந்தக் கோப்புகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. தள்ளுபடி என்று எழுதப்பட்ட பக்கம் ஒன்றாவது உள்ள கூடத்தைத்தான் நான் நம்புவேன்.

*

2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. கிருமி வளர்க்கிற பெட்டி 44 பாகையில் 14 மணி நேரம் நிற்க வேண்டும், ஒரு பாகைகூடத் தளும்பக்கூடாது. மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. ஊட்டக் குழம்புத் தூள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், டொலர் இல்லை. வண்டிக்கு எரிபொருள் வரிசை.

அப்போது எங்களைக் காப்பாற்றியது 1982இல் இந்தியாவின் குவாலியரில் மாஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய முறை. சின்னப் போத்தலுக்குள் மருந்து தோய்த்து உலர்த்திய தாள். தண்ணீர் ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் விட்டால், மலக் கிருமி இருக்கும் தண்ணீர் கருத்துவிடும். ஐதரசன் சல்பைட்டு வாயு இரும்போடு சேர்ந்து தருகிற கறுப்பு. எண்ணிக்கை கிடைக்காது. ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். 44 பாகைப் பெட்டி தேவையில்லை. மலைநாட்டுக் குளிருக்கு அடுப்பங்கரை மூலையில் வைத்தோம்.

கூடத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன். கூடத்துக்கு முன்னால் வைக்கலாம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வுகூடங்கள் உண்டு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பழக்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. பீலியை ஆளுகிறவர்கள் பெண்கள். போத்தல் கருத்ததைத் தன் கண்ணால் பார்த்தவருக்கு, கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்ல அறிவித்தல் தேவைப்படாது. எங்கள் பகுதியில் ஒரு லயத்தில் ஆறு போத்தல் வைத்துக் காட்டினேன். மூன்று கருத்தன. மறுநாளே ஊற்றைச் சுற்றி வேலி போட்டார்கள், யாரும் நிதி ஒதுக்கவில்லை.

*

நைத்திரேற்று. மாரஸ்ஸன, ரிக்கில்லகஸ்கடப் பக்கம் மரக்கறிச் செய்கை அதிகம். போஞ்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் இடுகிற உரம் மழையோடு மண்ணுக்குள் இறங்கும். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்றைக் கொதிக்க வைத்து அகற்ற முடியாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தாய்க்கு இது தெரிய வேண்டும். சரிவுத் தோட்டங்களுக்குக் கீழே உள்ள கிணறுகளை வருடத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும், ஒன்று உரம் இட்ட பின் முதல் மழைக்கு.

*

சுன்னாகம்.

யாழ்ப்பாணத்தில் 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாகச் சனங்கள் சொன்னார்கள். மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஒன்று சொன்னது, நீர் வழங்கல் சபையின் பரிசோதனைகள் வேறொன்று சொன்னன. இடையில் தாய்மார் போத்தல் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அங்கே மின் நிலையம் நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நான்கு வருடத்துக்கு மேல்.

அதற்கு முன், 2013 ஆகஸ்ட் 1 அன்று வெலிவேரியவில் நல்ல தண்ணீர் கேட்டு ரோட்டுக்கு வந்தவர்கள் மேல் இராணுவம் சுட்டது. மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். அவர்களுடைய சண்டை ஓர் எண்ணைப் பற்றியது: கிணற்று நீரின் பி.எச். அளவு.

இரண்டு ஊரிலும் இல்லாமல் போனது ஒன்றே. கிணறு கெடுவதற்கு முன்பிருந்தே, ஒவ்வொரு பருவத்திலும், எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில் எழுதி வைக்கப்பட்ட அளவுகள். அப்படி ஒரு பத்து வருடப் பதிவு ஊர்ச் சபையிடம் இருந்திருந்தால், எப்போது மாறியது, எவ்வளவு மாறியது என்று அரை நாளில் சொல்லியிருக்கலாம். பிரச்சினை வந்த பிறகு தொடங்கும் சோதனையை எந்தப் பக்கமும் நம்புவதில்லை. அமைதியான வருடங்களில் எடுத்த சலிப்பூட்டும் மாதிரிகளுக்குத்தான் அந்த மதிப்பு.

*

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். கண்டி, நுவரெலியா மலைகள் சரிந்தன. வீடுகள் போயின, ரோடுகள் போயின, குழாய்கள் மண்ணோடு போயின. ஊற்றுகள் இடம் மாறின. முன்பு கசிந்த பாறை காய்ந்து, தேயிலை மலை நடுவில் புதிதாக நீர் பீறிட்டது. சனங்கள் அதில் குழாய் செருகிக் குடித்தார்கள். வேறு என்ன செய்வார்கள்?

அந்தப் புதிய ஊற்றுகளில் எதற்கும் பழைய பதிவு இல்லை. பழைய பட்டியலில் இருந்த இடங்கள் சில இப்போது இல்லவே இல்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவில் நடந்தேன். பதினொரு பீலி எழுதினேன். ஊற்று எங்கே, அதற்கு மேலே என்ன இருக்கிறது, எத்தனை குடும்பம் குடிக்கிறது, மழைக்குக் கலங்குகிறதா. பட்டியலை இரண்டு மொழியிலும் எழுதிச் சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன்.

*

முடிவு எந்த மொழியில் வருகிறது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். எங்கள் கூடத்தின் அறிக்கை பல வருடம் ஆங்கிலத்தில் மட்டும் போனது. "திருப்தியற்றது" என்ற ஒரு சொல்லைத் தோட்டத்தில் யாராவது வாசித்திருந்தால் போதும், ஆனால் அது அவர்களால் வாசிக்க முடியாத மொழியில் இருந்தது. கடைசியில் ஒரு ஒற்றைப் பக்கம் செய்தோம்: பீலியின் பெயர், எடுத்த தேதி, "குடிக்கலாம்" அல்லது "கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்", அடுத்து எடுக்கும் தேதி. தமிழிலும் சிங்களத்திலும். மழை படாமல் நெகிழி உறை போட்டுப் பீலிக்கரைக் கம்பத்தில் கட்டினோம். அதற்கு ஆன செலவு ஒரு மாதிரியைச் சோதிக்கிற செலவில் சிறு பங்கு.

தோட்டத்திலோ கிராமத்திலோ இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தண்ணீரில் கடைசியாக எப்போது மாதிரி எடுத்தார்கள், 100 மில்லிலீற்றருக்கு ஈ. கோலி எத்தனை, முந்தின நாள் மழை பெய்ததா என்று உங்கள் பிரதேச சபையிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேளுங்கள். வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாதிரியே எடுக்கவில்லை என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, உங்கள் பீலியைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.